கையில் ஏறிய காடைகள்

முருகன் துணை

விளாங்குடி
20.1.79

தம்பி முத்திருளனுக்கு அக்கா ரெங்கம்மாள் எழுதுவது.

உனக்குக் கடிதம் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் என் மகளுக்கு நீ தாய்மாமன். பிள்ளை பிறந்த சேதி முதலில் உனக்குத்தான் வர வேண்டும். அந்த முறையை நான் கெடுக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை விடியலில் செல்லத்தாய்க்கு ஆண் பிள்ளை பிறந்தது. மாப்பிள்ளைக்குப் பட்டாளத்துக்குத் தந்தி கொடுத்திருக்கிறோம்.

பிள்ளை நன்றாக இருக்கிறான். தாய்தான் தேறவில்லை. ரத்தம் நிறையப் போய்விட்டது. பால் சுரக்கவில்லை. பூண்டு வதக்கிக் கொடுத்தேன், சுறாப்புட்டு செய்து கொடுத்தேன், முருங்கைக்கீரை கொடுத்தேன். ஒன்றும் ஏறவில்லை. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுகிறான். ஊசிமருந்தை நம்புகிற உன் மச்சானே இப்போது திருநீறு பூசிவிடச் சொல்கிறார் என்றால் பார்த்துக்கொள்.

நேற்று அவள் வாய்விட்டுக் கேட்டாள். "அம்மா, மாமா வயக்காட்டுக் காடை கெடைக்குமா?" லீவுக்கு அங்கே வந்தபோது நீ சுட்டுக் கொடுத்த ருசி இன்னும் அவள் நாக்கில் இருக்கிறது. அவளுக்கு என்ன தெரியும்? அப்பா எனக்கு மஞ்சக்காணிச் சீராகக் கொடுத்த மேட்டுத் துண்டை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நீ கிளுவை வேலியை வெட்டி, மேட்டைக் கரைத்து, நெல் வயலாக்கியதை நான் அவளிடம் சொல்லவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு உங்கள் ஊரில் ஒரு முழம் தரிசு கிடையாது. வரப்பைக்கூட ஒற்றைக்கால் வைக்கிற அளவுக்குச் செதுக்கிவிட்டீர்கள். காடை எங்கே இருக்கும்? உன் தலையிலா கூடு கட்டும்?

சேதி சொல்லிவிட்டேன். வருவதும் வராததும் உன் பாடு.

ரெங்கம்மாள்

*

ஓடைக்கரைப்பட்டி
சோழவந்தான் வழி
29.1.79

அக்காவுக்குத் தம்பி முத்திருளன் எழுதியது.

கடுதாசி கிடைத்தது. பேரன் பிறந்த சந்தோஷத்தில் நீ திட்டியதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. காடை என் தலையிலா கூடு கட்டும் என்று கேட்டாயே, பேச்சிமுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டிருக்கிற பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசு. பதினாலு காடை! அவர் மகளை விளாங்குடியில்தானே கட்டிக் கொடுத்திருக்கிறார், போகிற வழியில் தருவார்.

எங்கே பிடித்தேன் தெரியுமா? நீ சண்டை போட்டாயே, அதே துண்டில். நெல் அறுத்த ஈரம் காயுமுன் உழுது பயறு விதைத்தேன். நிலத்தைச் சும்மா போட்டுவைக்கிற காலம் மலையேறிப் போச்சு அக்கா. விதைத்த ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ போய்ப் பார்த்தால் வரப்போரம் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணி வைக்கவில்லை, வலை விரிக்கவில்லை. கிட்டப் போனாலும் பறக்கவில்லை. குனிந்து கையால் எடுத்தேன். காசிமாயன் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு சிரிக்கிறான். "என்ன மாப்ள, காடையெல்லாம் உன் கால்ல விழுந்து கும்புடுது! பிரசிடெண்டு எலெக்சன்ல நிக்கப் போறியா?"

பிள்ளைக்காகக் கருப்பன் சாமி கொடுத்தது என்று வீட்டில் அன்னக்கொடி சொல்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். உரித்து, மஞ்சளும் உப்பும் தடவி, வெயிலில் காயவைத்து அனுப்புகிறேன். கெடாது. எலும்போடு இடித்துச் சூப்பு வைத்துக் கொடு.

இங்கே விளைச்சல் நீ பார்க்க வேண்டும். எண்ட்ரின் மருந்து அடிக்க ஆரம்பித்த பிறகு புழு இல்லை, பூச்சி இல்லை. ஏர் ஓட்டினால் பின்னாலேயே கொக்கும் மைனாவும் வந்து காலில் இடறுமே, அந்தத் தொந்தரவும் இல்லை. வயல் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. தவளைகூடக் கத்துவதில்லை, நிம்மதியாகத் தூங்குகிறேன்.

கோழிக்கு மட்டும் சீக்கு வந்திருக்கிறது. காடை உரித்த அன்றைக்குச் சாயங்காலம் குப்பைமேட்டில் ரெண்டு கோழி சுருண்டு கிடந்தது. மற்றபடி எல்லாரும் சுகம். மருமகளைக் கேட்டதாகச் சொல்.

முத்திருளன்

*

முருகன் துணை

விளாங்குடி
4.2.79

தம்பிக்கு,

பை வந்தது. பேச்சிமுத்து அண்ணனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினேன். செல்லத்தாய் பையைப் பார்த்ததும் சிரித்தாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காக உன்னைப் பாதி மன்னித்தேன். மீதிப் பாதி நிலத்தில் இருக்கிறது.

பதினாலு என்று எழுதியிருக்கிறாய். பையில் இருந்தது பதினொன்று. இரண்டு தரம் எண்ணினேன். பேச்சிமுத்து அண்ணன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, நீ தைத்துக் கொடுத்த பை தைத்தபடியே இருந்தது. அந்த மூன்றும் உன் வீட்டுச் சட்டியைத் தாண்டி வரவில்லை என்று நினைக்கிறேன். உன் பெண்டாட்டி அன்னக்கொடியைக் கேள். நான் கேட்டதாகவே கேள்.

இதைவிட வேறொன்று என் மனசை அரிக்கிறது. அப்பா காலத்தில் காடை பிடிக்க வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மூச்சுச் சத்தம் கேட்காமல் மண்ணோடு மண்ணாகக் கிடப்பார்கள். நம் நிழல் பட்டாலே விர்ரென்று எழும்பும் ஜாதி அது. கையில் ஏறுகிற காடையை நான் கண்டதில்லை. அதன் கண் எப்படி இருந்தது? இறக்கை அடித்ததா? கோழி எதற்காகச் செத்தது? நீ அதன் குடலை எங்கே போட்டாய்?

கருப்பன் கொடுத்தது என்கிறாய். கொடுத்தவனைச் சந்தேகப்பட்டால் பாவம் வருமோ என்று அதற்கும் பயமாக இருக்கிறது. பையைப் பரணில் தூக்கி வைத்திருக்கிறேன். இவளுக்காகப் போன வாரம் நான் தைப்பூசத்துக்கு மாலை போட்டிருப்பதால் அதுவரை வீட்டில் கறி இல்லை. பூசம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை ஆக்க வேண்டும். செல்லத்தாய் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் எனக்குப் பதில் எழுது. ஒரு கார்டு போதும்.

ரெங்கம்மாள்

*

சோழவந்தான் ஆஸ்பத்திரி
12.2.79

அக்கா

காடையை ஆக்காதே. ஆக்கியிருந்தால் கொட்டு. யார் வாயிலும் வைக்காதே.

அன்னக்கொடி காலையில் விழுந்துவிட்டாள். வாயில் நுரை, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. நான் வயலில் இருந்தேன், வந்து பார்த்தால் அடுப்படியில் கிடக்கிறாள். நீ மூன்று குறைகிறது என்று எழுதியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சட்டியைத் திறந்தேன். சின்னச் சின்ன எலும்பு.

அவளும் பூசம் முடியட்டும் என்று ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். நான் போன பிறகு தனியாக ஆக்கித் தின்றிருக்கிறாள்.

டாக்டர் மருந்து என்கிறார். பயிர் மருந்து.

இவளை விட்டு வர முடியவில்லை. மாட்டு வண்டியில் கொண்டு வந்தபோதே ரெண்டு தரம் மூச்சு நின்றது. பேச்சிமுத்து அண்ணனைப் பஸ் ஏற்றிவிடுகிறேன். பஸ் சீக்கிரம் போக வேண்டும். மருமகள் தின்றுவிட்டாளா, அதை மட்டும் அவரிடமே சொல்லி அனுப்பு. அக்கா உன் கடுதாசிக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், காடையை எண்ணிக் கேட்டாயே என்று கோபத்தில் இருந்துவிட்டேன்

முத்திருளன்

*

விளாங்குடி
13.2.79

தம்பி,

செல்லத்தாயும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள். நேற்றே பேச்சிமுத்து அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். ஆனாலும் என் எழுத்தில் பார்த்தால்தான் நீ நம்புவாய்.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசம் முடிந்து மாலையைக் கழற்றினேன். மனசு ஒப்பவில்லை. அதனால் முருகன் படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப்பூ வந்தால் ஆக்குவது, சிவப்பு வந்தால் புதைப்பது. பக்கத்து வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. அதற்கு மேல் நான் யாரைக் கேட்பேன்? திங்கட்கிழமை ஊறவைத்து, மிளகும் சீரகமும் அரைத்து ஆக்கினேன். வீடெல்லாம் மணத்தது.

பேச்சிமுத்து அண்ணன் தெருமுனையிலேயே கத்திக்கொண்டு ஓடிவந்தார். "தாயி, அடுப்ப அணைங்க! புள்ளையத் திங்க விடாதீக தாயி!" தெருவே எட்டிப் பார்த்தது. நான் அடுக்களையிலிருந்து திரும்பினேன். செல்லத்தாய் மடியில் பிள்ளையும் கையில் சோறுமாக உட்கார்ந்திருந்தாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பிள்ளை பெற்றவள் கையில் இருந்த சோற்றை, பெற்ற தாய் நான் தட்டிவிட்டேன். சோறு சுவரெல்லாம் தெறித்தது. "என்னம்மா, பித்துப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்று அழுதாள். வாய்க்குள் விரலை விட்டுக் குமட்ட வைத்தேன். ஒரு வாய் சூப்புதான் குடித்தேன் என்கிறாள். ஒரு வாய் என்றால் எம்புட்டு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

இங்கே டாக்டர் பார்த்தார். தாய்க்கு மயக்கம் இல்லை, இழுப்பும் இல்லை. ஆனால் அவர் சொல்கிறவரை பிள்ளைக்குத் தாய்ப்பால் கூடாது என்றுவிட்டார். தம்பி, இதை எப்படி எழுதுவேன்? இத்தனை நாள் வராத பால் நேற்றிலிருந்து வருகிறது. சேலை நனைகிறது. பீய்ச்சிக் கொட்டச் சொல்கிறார்கள். கொல்லைச் சுவரோரம் திரும்பி உட்கார்ந்து கொட்டுகிறாள். உள்ளே பிள்ளை அழுகிறான். நான் சங்கில் பசும்பாலை வைத்துக்கொண்டு அவன் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூங்கினால் மூச்சைப் பார்க்கிறேன். அழாவிட்டால் கிள்ளிப் பார்க்கிறேன்.

கறியைச் சட்டியோடு குழி வெட்டிப் புதைத்தோம். உன் மச்சான் மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். காக்கை வந்து வழக்கம்போலச் சோற்றுக்குக் கூப்பிட்டது. தினம் சோறு வைக்கிற கையால் கல்லை எடுத்து விரட்டினேன். எங்காவது ஒரு பருக்கை கிடந்துவிடுமோ என்று பயம்.

அன்னக்கொடி எப்படி இருக்கிறாள்? அவளைப் பற்றி நான் எழுதிய வார்த்தைகள் கண் முன்னால் வந்து நிற்கின்றன. கடிதத்தின் தலைப்பில் முருகன் பெயர் போட இன்றைக்குக் கை வரவில்லை.

ரெங்கம்மாள்

*

ஓடைக்கரைப்பட்டி
27.2.79

அக்காவுக்கு,

அன்னக்கொடி பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். தண்ணீர்ச் செம்பைப் பிடித்தால் கை நடுங்குகிறது. போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். உன்னிடம் இதைச் சொல்லச் சொன்னாள்: "மதினிகிட்டச் சொல்லுங்க, புள்ளை பெத்தவளுக்கு மட்டுந்தான் வாயான்னு நெனச்சுத்தான் எடுத்து வச்சேன். இப்ப வாயே வேணாம்னு இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் வெளியே எழுந்து போய்விட்டேன்.

அக்கா, அவள் அந்த மூன்றை எடுக்காமல் இருந்திருந்தால்? எடுத்ததை நீ எண்ணாமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் என் புத்தி போக மறுக்கிறது.

காரணம் நான்தான். மருந்துக் கடையில் கேட்டேன், விதைத்த பயறை எறும்பு இழுக்கிறது, குருவி பொறுக்குகிறது என்று. "எண்ட்ரின்ல புரட்டி வெதைங்கண்ணே, ஒண்ணும் அண்டாது" என்றான். புரட்டி விதைத்தேன். விதைத்த கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். அதைக் காடை தின்னும் என்று தெரியாதா எனக்கு? தெரியும். தின்ற காடையை நாம் தின்போம் என்பது மட்டும் புத்தியில் ஏறவில்லை. கோழி செத்ததைக் கண்ணால் பார்த்தேன், சீக்கு என்று எழுதினேன்.

இன்னொன்று. அவ்வளவு காடையைப் பார்த்ததும் உன் வாயை அடைத்துவிட்டேன் என்று துள்ளினேனே. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து யோசித்தேன். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ரெண்டாம் போகத்துக்குத் தண்ணீர் கட்டிக் கிடக்கிறது. அந்த மாசத்தில் தண்ணீர் நிற்காத மண் என்று இருந்தது உன் துண்டு ஒன்றுதான். நான் கரைத்த பிறகும் மற்ற வயலைவிடக் கொஞ்சம் மேடாகவே இருந்ததால் ரெண்டாம் போகத் தண்ணீர் ஏறவில்லை. ஊர்க் காடை முச்சூடும் வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. நிறைய இருக்கிறது என்று நினைத்தேன். மிச்சமிருந்ததே அவ்வளவுதான்.

நேற்று அங்கே போனேன். வரப்பில் இறகு கிடந்தது. ஒரு வல்லூறு செத்துக் கிடந்தது, ஒரு கீரிப்பிள்ளையும். முளைத்த பயறை அழித்து உழுதுவிட்டேன். யாரும் கீரை பறித்துவிடக் கூடாதே என்று பேச்சிமுத்து அண்ணன் முள் வெட்டிப் போட்டிருக்கிறார். காசிமாயன் வந்தான். இந்தத் தடவை கேலி பேசவில்லை. "மாப்ள, நானும் போன மாசம் ரெண்டு கொக்கு புடிச்சு வீட்டுல குடுத்தேன்டா" என்றான்.

பிள்ளை எப்படி இருக்கிறான்?

முத்திருளன்

*

முருகன் துணை

விளாங்குடி
16.4.79

தம்பிக்கு,

பிள்ளை குப்புற விழுகிறான். டாக்டர் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி வெகுநாள் ஆகிறது. முதல்முறை கொடுத்தபோது நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. அவன் குடித்து முடித்து ஏப்பம் விட்டதும் உன் மச்சான் அழுதுவிட்டார்.

நான் முருகனிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. விளக்கேற்றுகிறேன், பெயரை எழுதுகிறேன். வெள்ளைப்பூவை ஏன் காட்டினாய் என்று தினமும் கேட்கிறேன். செல்லத்தாய் சொல்கிறாள், "பூவ விடும்மா. காடை வந்து கையில ஏறி நின்னு சொல்லுச்சு. நமக்குத்தான் அது பாஷை தெரியல." அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சாகப் போகிற உயிர் பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை வரம் என்று சொல்லி விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறேன்.

இப்போது ஒரு காரியம். பிள்ளைக்கு ஒரு வயசு முடிகிறபோது உங்கள் ஊர்க் கருப்பன் கோயிலில் முடியிறக்கிக் காது குத்த வேண்டும். செல்லத்தாய்க்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் நீதான் மடி கொடுக்க வேண்டும். உன் மடியில் அவனை வைக்க எனக்கு ஆசை இருக்கிறது. ஆனால் அந்த ஊர் மண்ணில் அவனை இறக்கிவிட எனக்குப் பயமாக இருக்கிறது. தவழுகிற பிள்ளை மண்ணை அள்ளி வாயில் போடும். வாய்க்கால் தண்ணீரில் கை விடும். உங்கள் வயலில் தவளை இல்லை, கொக்கு இல்லை என்று நீயே எழுதினாய். அதுகள் வாழ முடியாத இடத்தில் என் பேரனை எப்படி விடுவேன்?

என் துண்டை மறுபடி மேடாக்கு. வேலி வை. உழாதே, விதைக்காதே, மருந்து கொண்டுபோகாதே. புல் முளைத்தால் முளைக்கட்டும். அங்கே காடை கத்துகிற நாளில் எனக்கு எழுது, பிள்ளையைக் கூட்டி வருகிறேன். கத்தாவிட்டால் முடியை இங்கேயே இறக்குகிறேன். கருப்பனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

 

ரெங்கம்மாள்

*

ஓடைக்கரைப்பட்டி
21.1.80

அக்காவுக்கு,

பேரனுக்கு ஒரு வயசு முடிந்துவிட்டது என்று தெரியும். உன் கடிதத்தை எதிர்பார்த்து எதிர்பார்த்து, நான்தான் எழுத வேண்டும் என்பது உறைக்கவே நாளாகிவிட்டது.

உன் துண்டில் மண்ணடித்து மறுபடி மேடாக்கினேன். வேலிக்கு நட்ட கிளுவைக் கம்பு துளிர்த்துவிட்டது. மழைக்கு உன் துண்டில் இடுப்பளவு புல். ஊரில் கேலி பேசுகிறார்கள், "முத்திருளன் புல்லு வெவசாயம் பாக்குறான்" என்று. பேசிவிட்டுப் போகட்டும். என் வயல்களில் மருந்தைக் குறைத்திருக்கிறேன். நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். வரப்பைத் தாண்டினால் அடுத்தவன் வயல், அவன் அடிப்பது காற்றில் வருகிறது. தண்ணீரும் அவன் வயலைத் தாண்டித்தான் எனக்கு வருகிறது.

அன்னக்கொடி தினம் சாயங்காலம் அந்த வேலியோரம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். "என்னடி பண்றே?" என்றால் "மதினி கணக்குக் கேப்பாகல்ல, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்பாள். எண்ண ஒன்றும் இருக்காது. ஒரு வருஷமாக அங்கே சத்தமே கிடையாது. காற்றடித்தால் புல் உரசும், அவ்வளவுதான். முன்னாலெல்லாம் அமைதியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். இப்போது அதுதான் என்னை எழுப்பிவிடுகிறது.

நேற்று விடியலில் நான் போயிருந்தேன். புல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. விட்டு விட்டு, மூன்று தரம். காடை மாதிரித்தான் இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மறுபடி கேட்கவில்லை. அன்னக்கொடியைக் கூட்டி வந்தேன். அவள் இருக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா, அது கத்தியது என்று எழுதிவிட எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். காதுக்குக் கடுக்கன் வாங்கி வைத்திருக்கிறேன். என் மடி காத்துக் கிடக்கிறது. அதனால்தான் என் காதை நான் நம்பவில்லை. போன வருஷம் என் கண்ணை நம்பி எழுதினேன், பதினாலு காடை என்று.

நீ வா. வந்து வேலியோரம் உட்கார்ந்து நீயே கேள். உனக்குக் கேட்டால் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையைக் கூட்டி வராதே.

முத்திருளன்